சந்தேகத்துக்குத் தூக்கிய கை

லென்ஸ் அக்கா அந்தப் பதவிக்கு வந்ததே, அன்றைக்கு அவள் அங்கே வராததால்தான்.

மாலைப் பிரிவில் படிக்கிறவர்களிடம் அப்படி ஒரு பழக்கம் இருந்தது. பகலெல்லாம் எங்கெங்கோ உழைத்துவிட்டு, முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் வகுப்புக்கு ஓடி வருகிற ஜனம் அது. அவர்களிடம் போய், 'பல்கலைக்கழக ஆட்சிக் குழுவில் உட்கார உங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்' என்றால் யாருக்கு அதற்கெல்லாம் தெம்பு இருக்கிறது? அதனால் தேர்தல் அன்றைக்கு யார் வரவில்லையோ அவர் தலையில் கட்டிவிடுவார்கள். வராத ஆள் மாட்டேன் என்று மறுக்க முடியாது பாருங்கள்! போன முறை காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நர்ஸ் மாட்டினாள். இந்த முறை அக்கா.

அக்கா ஒன்றும் வேண்டுமென்று மட்டம் போடவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. அன்றைக்குக் கடையைச் சாத்துகிற நேரம் பார்த்து ஒரு பெரிய மனிதர் வந்தார். ஒரு கையில் கறுப்பு ஃபிரேம், மறு கையில் பழுப்பு ஃபிரேம். இதை மாட்டி அதைக் கழற்றி, அதை மாட்டி இதைக் கழற்றி, அவள் உயிரை வாங்கிவிட்டார். ஒருவழியாகப் பழுப்பை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர், திரும்பி வந்து கறுப்பே இருக்கட்டும் என்றார். அவர்தான் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் என்பது அக்காவுக்கு அப்போது தெரியாது. அவள் மூச்சிரைக்க வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். புடவையில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"வாழ்த்துக்கள் அக்கா. இனிமே நீங்கதான் எங்க பிரதிநிதி," என்றான் பக்கத்து இருக்கை லிஃப்ட் மெக்கானிக்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாதேப்பா!"

"யாருக்குத் தெரியும்? போய் உட்கார்ந்துட்டு வாங்க. பிஸ்கட் தருவாங்களாம்."

புரியாமல் முழிப்பது அக்காவுக்குப் புதிதல்ல. கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் கை தானாக வேலை செய்யும். ஆனால் நாலு பேர் நடுவில் நிறுத்தி, 'இதுவா அதுவா, சொல்லு' என்றால் போச்சு, மண்டைக்குள் எல்லாம் கலங்கிவிடும். கண் பரிசோதிக்கிறவர் லீவு போட்ட நாட்களில் அவளே ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்போ நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்பாள். வருகிறவர்கள் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரி வியர்த்துப் போவார்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குங்க," என்பார்கள். அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் அக்காவுக்குச் சிரிப்பு வராது. நம்ம சாதி என்று நினைத்துக்கொள்வாள்.

படிப்பிலும் அவள் கதை அப்படித்தான். அந்தக் காலத்தில் கல்லூரியில் சேர்ந்து, இரண்டாம் வருஷத்தில் கல்யாணமாகி, மூன்றாம் வருஷத்தில் மகள் பிறந்தாள். 'குழந்தை கொஞ்சம் நடக்கட்டும், அப்புறம் போகலாம்' என்றார்கள். குழந்தை நடந்தது, ஓடியது, வளர்ந்தது, பல்கலைக்கழகத்தில் பகல் பிரிவில் சேர்ந்து மாணவர் சங்கத் தலைவியாகவும் ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் அக்காவுக்கு நேரம் கிடைத்தது. அதே பல்கலைக்கழகத்தில், மாலைப் பிரிவில், உளவியல். "நீ படிச்சு முடிச்சதும் முதல்ல என் மண்டையைத்தான் பிரிச்சுப் பாப்பே," என்று பிளம்பரான அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். செய்தாலும், வகுப்பு இருக்கும் நாட்களில் சமையல் அவர்தான். இன்னும் ஒரு வருஷம் இருந்தது பட்டத்துக்கு.

வீட்டில் மகளுக்கு அம்மாவின் புதுப் பதவி துளியும் பிடிக்கவில்லை. பகல் பிரிவுக்கும் ஆட்சிக் குழுவில் ஒரு நாற்காலி உண்டு. 'அது பொம்மை நாற்காலி, சும்மா தலையாட்ட வைக்கிறதுக்கு' என்று சொல்லி அவள் சங்கம் அதைப் புறக்கணித்து, யாரையும் அனுப்பாமல் காலியாகவே போட்டு வைத்திருந்தது.

"படிக்கட்டுல உட்கார்ந்து கத்தினாத்தாம்மா அவங்க காதுல விழும். உள்ள போய் உட்கார்ந்தா பிஸ்கட்தான் கிடைக்கும்," என்றாள் மகள்.

"அதைத்தான் வகுப்புலயும் சொன்னாங்க," என்றாள் அக்கா.

முதல் கூட்டம். நீளமான மேசை. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு குட்டி மைக், அதன் அடியில் ஒரு பொத்தான். தலைப்பக்கத்தில் துணைவேந்தர். அவர் பக்கத்தில், கறுப்பு ஃபிரேம் போட்டுக்கொண்டு, நம்ம பதிவாளர்! அக்காவுக்கு ஒரு நிமிஷம் சிரிப்பே வந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

வரிசையாகத் தீர்மானங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் பதிவாளர் வாசிக்க, துணைவேந்தர் தலையாட்ட, ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து மாலைப் பிரிவை மூடி, அங்கே படிக்கிறவர்களைப் பகல் பிரிவோடு சேர்த்துவிடுவது என்று ஒன்று வந்தது. கடையை விட்டுவிட்டுப் பகலில் படிக்க முடியுமா? வீட்டு வருமானத்தில் பாதி அந்தக் கடைதான். ஆக, கடையா படிப்பா என்று வந்தால் எது போகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு தடவை போன படிப்பு, இரண்டாம் தடவையும் போகப் போகிறது. அவளுக்கு மட்டுமா? லிஃப்ட் மெக்கானிக், நர்ஸ், எல்லாருக்கும்தான்.

அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. உடனே கேட்டுவிட வேண்டும். வகுப்பில் சந்தேகம் வந்தால் என்ன செய்வோம்? அவளும் அதைத்தான் செய்தாள். கையைத் தூக்கினாள்.

அந்த அறையில் பேச வேண்டுமென்றால் பொத்தானை அழுத்த வேண்டும், கையைத் தூக்கினால் அது ஓட்டு என்பதை யாராவது ஒருவர் அவளிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா! அந்த நேரத்தில்தான் துணைவேந்தர், "ஆதரிப்பவர்கள்?" என்று கேட்டிருந்தார். பதிவாளரின் பேனா ஒவ்வொரு கையாகக் காற்றில் குத்திக்கொண்டு வந்தது, அவள் கையையும் குத்தியது. எதிர்த்த கைகளையும் எண்ணினார்கள். "ஒரே ஒரு கை கூடுதல். தீர்மானம் நிறைவேறியது," என்றார் பதிவாளர்.

"சார், நான் வந்து..." என்றாள் அக்கா. மைக் உயிரில்லாமல் கிடந்தது. அதற்குள் வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கலைந்து போகும்போது துணைவேந்தர் அவள் பக்கத்தில் நின்று, "நிதர்சனம் புரிஞ்ச மாணவி. நல்லது," என்று பாராட்டிவிட்டுப் போனார். என்ன நிதர்சனம், எது நல்லது, ஒரு இழவும் அவளுக்கு விளங்கவில்லை. எண்ணினார்களா, எண்ணவில்லையா? தன் கை கணக்கில் வந்ததா? யாரைக் கேட்பது? பிஸ்கட் கையிலேயே நொறுங்கிப் போயிருந்தது, பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

மறுநாள் சாயங்காலம் மகள் புயல் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தாள்.

"மாலைப் பிரிவை மூடிட்டாங்க. ஒரே ஒரு கை வித்தியாசம். அந்தக் கை மாலைப் பிரிவுப் பிரதிநிதியோட கையாம். அம்மா, நீ தூக்கினியா?"

"தூக்கினேன். ஆனா அதுக்குத் தூக்கலடி."

"பின்ன எதுக்கு?"

"ஒரு சந்தேகம் கேக்கத் தூக்கினேன். அவங்க எண்ணிட்டாங்க."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பிளம்பர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார், சிரித்தால் உதை விழும் என்று புரிந்து உள்ளே போய்விட்டார்.

"சரி. ஒண்ணும் குடி முழுகிடலை," என்றாள் மகள். "நாளைக்கு நீ படிக்கட்டுக்கு வர்றே. எல்லார் முன்னாடியும் மைக்கைப் பிடிச்சு, நான் ஓட்டுப் போடல, தப்பா எண்ணிட்டாங்க, என் கையை எடுத்துடுங்கன்னு சொல்றே. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீயே சொன்னாத்தான் எடுபடும்."

அக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதியும் மறுநாள் மதியம் வரைக்கும்தான். கடைக்குப் பதிவாளர் வந்தார். கண்ணாடி காதை அழுத்துகிறதாம். அக்கா அதை வாங்கி, காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி, இம்மி இம்மியாக வளைத்தாள். கண்ணாடி இல்லாத முகத்தோடு அவர் எதிரே உட்கார்ந்திருந்தபோது அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"சார், அன்னைக்கு நான் தூக்கினது ஓட்டு இல்ல சார். அதை எடுத்துடுங்க."

"எடுக்கலாம். நீங்க சொன்னா எடுத்துடலாம்," என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "எடுத்தா ரெண்டு பக்கமும் சமம். சமம்னா தலைவர் தன் ஓட்டைப் போடுவார். துணைவேந்தர் எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும்."

"அப்போ எடுத்தும் பிரயோஜனம் இல்லையா?"

"முடிஞ்ச தீர்மானத்தை மறுபடி எடுக்கச் சொல்லி ஒருத்தர் கேக்கலாம். விதி இருக்கு. ஆனா எதிர்த்தவங்க கேக்க முடியாது. ஆதரிச்சுக் கை தூக்கினவங்கதான் கேக்க முடியும். தோத்தவங்க சும்மா சும்மா கிளறக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க."

அக்காவின் கை அப்படியே நின்றது. "ஆதரிச்சவங்க யாராவது கேப்பாங்களா சார்?"

"ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"நான் கேட்டா?"

"உங்க கை ஓட்டா இருந்தா கேக்கலாம். தெரியாம தூக்கிட்டேன்னு நாலு பேர் முன்னாடி சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் அது ஓட்டே இல்ல. கேக்குற உரிமையும் இல்ல." அவர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். "இப்போ சரியா இருக்கு."

"இதை ஏன் சார் என்கிட்ட சொல்றீங்க?"

"நீங்க கேட்டீங்க. சொன்னேன்," என்றுவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

போனவரையே பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். இந்த மனிதர் நமக்கு வழி சொல்லிவிட்டுப் போகிறாரா, குழி தோண்டிவிட்டுப் போகிறாரா? 'என் கையை எடுங்கள்' என்று நான் கத்தினால் துணைவேந்தருக்குத் தலைவலி. அதனால், நான் கத்தாமல் இருக்க அவர் அனுப்பிய ஆளோ இவர்? கறுப்பா பழுப்பா என்று தெரியாமல் வாசல் வரை போய்த் திரும்பி வந்த ஆள் இவர். இவர் சொல்லை நம்பலாமா? விதிப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று அக்கா உடனே ஓடிப்போய் நூலகத்தில் விசாரித்தாள். கூட்ட மேசையில், பதிவாளர் பக்கத்து இழுப்பறையில் இருக்கிறதாம்!

சாயங்காலம் படிக்கட்டில் நல்ல கூட்டம். மகள் ஒலிபெருக்கியை அம்மா கையில் கொடுத்தபோது அவள் முகம் அப்படிப் பூரித்திருந்தது. 'என் அம்மா தப்புப் பண்ணல, இப்ப பாருங்க' என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அக்கா ஒலிபெருக்கியை வாய்க்குக் கொண்டு போனாள். சொல்லிவிடலாம். இரண்டு வாக்கியம்தான். சொன்னால் பெயர் தேறும், மகள் கட்டிக்கொள்வாள், படிப்பு போகும். சொல்லாவிட்டால் பெயர் நாறும், மகள் போவாள், படிப்பு தங்குமா? அதுவும் தெரியாது. இப்போ நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா? இரண்டும் ஒரே மங்கல்தான்.

"கையைத் தூக்கினது நான்தான்," என்றாள். ஒலிபெருக்கி கீச்சென்றது. "தூக்கினது தூக்கினதுதான். அதை எடுக்கச் சொல்லி நான் கேக்க மாட்டேன்."

பின்னால் யாரோ "எவ்வளவு வாங்கினே?" என்று கத்தினார்கள். மகள் பேய் அறைந்தவள் மாதிரி நின்றாள். பிறகு ஒலிபெருக்கியை அம்மாவின் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி, "கொடுங்க இங்க," என்றாள்.

கொடுங்க! பிறந்ததிலிருந்து 'நீ வா, நீ போ' என்று பேசிய பெண். அதற்கு அவள் ஒரு அறை விட்டிருந்தால்கூட அக்காவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்கப்புறம் வீட்டில் 'நீங்க'தான். "சாப்பிட்டீங்களா?" "சாவியை மேசையில வெச்சிருக்கேன், எடுத்துக்குங்க." பிளம்பர் இடையில் புகுந்து சமாதானம் பண்ணப் பார்த்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். "என்கிட்டயாவது உண்மையைச் சொல்லேன்டி," என்று அவர் தனியாகக் கேட்டார். சொல்ல வேண்டும் போல அவளுக்குத் துடித்தது. ஆனால் அவர் வாயில் ரகசியம் நிற்காது. ஒழுகுகிற குழாயை ஊரெல்லாம் அடைத்துவிட்டு வருகிற மனிதர், தன் வாயை மட்டும் அடைக்கத் தெரியாதவர். மகளிடம் போய்விடும், மகளிடமிருந்து ஒலிபெருக்கிக்குப் போய்விடும். "எனக்கே தெரியலைங்க," என்றாள். பாதி அது உண்மையும்கூட.

வகுப்பில் நிலைமை இன்னும் மோசம். அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. லிஃப்ட் மெக்கானிக் மட்டும் ஒருநாள் வந்து, "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். அவள் புத்தகத்தைப் புரட்டினாள். அவன் தன் இருக்கைக்குப் போய்விட்டான்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பையன் மூளைக்காரன். படிக்கட்டில் கத்திக் கத்தி எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போன ஒருநாள், அவன் மகளிடம் சொன்னானாம்: "பகல் பிரிவோட சேரச் சொல்லிட்டாங்கல்ல? அடுத்த வருஷம் வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? சொன்ன பேச்சைக் கேட்டு இப்பவே சேர்ந்துடுவோம்."

சேர்ந்தார்கள். மாலைப் பிரிவுக்காரர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, காலை முதல் மணி அடிக்கும்போது பகல் வகுப்பறைகளில் போய் உட்கார்ந்தார்கள். இரவு டியூட்டி முடித்த நர்ஸ் சீருடையோடு வந்திருந்தாள். ஜன்னல் விளிம்பில் நாலு பேர், மேடைமேல் ஆறேழு பேர். பகல் மாணவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், அப்புறம் ஒரு நாற்காலியில் இரண்டு பேராக ஒட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். உளவியல் துறைத் தலைவர் வந்தார். மூடலாம் என்று கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். அவருக்கு உள்ளே நுழையவே வழி இல்லை. வாசற்படியில் நின்றுகொண்டே பாடம் நடத்தினார். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று கத்தினார்கள். அவர் குரலை உயர்த்த, பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் போடாதீர்கள் என்று ஆள் வந்தது.

அக்காவை யாரும் கூப்பிடவில்லை. அவளாக வந்தாள். வாசலில் நின்று ஆட்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த மகள், அவளைக் கண்டதும் திகைத்தாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"நானும் மாலைப் பிரிவுதானே."

மூட ஓட்டுப் போட்டவள் மூடாதே என்பவர்களோடு உட்கார வந்தால் என்னதான் சொல்வது? "உள்ள இடம் இல்ல. தரையில உட்காருங்க," என்று மட்டும் சொன்னாள் மகள். அக்கா தரையில், யாருடைய காலடியிலோ உட்கார்ந்தாள். பாடம் ஒன்றும் காதில் விழவில்லை. ஆனாலும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் கூட்டம் வந்தது. அதே மேசை, அதே பிஸ்கட். இந்த முறை அக்கா உட்கார்ந்ததும் முதல் காரியமாகப் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பயந்து அணைத்தாள். துணைவேந்தர், "ஆரம்பிக்கலாமா?" என்றதும் மறுபடி அழுத்தினாள்.

"மாலைப் பிரிவை மூடுற தீர்மானத்தை மறுபடி எடுக்கணும்னு கேக்குறேன்," என்றாள். வீட்டில் குளியலறையில் பழகிய வாக்கியம்.

துணைவேந்தர் கண்ணை விரித்தார். "அது முடிஞ்சு போன விஷயம்மா. நீங்களே ஆதரிச்சுக் கை தூக்கினீங்களே!"

"ஆமாங்க. அதனாலதான் கேக்குறேன்."

"புரியலையே?"

'எனக்கும்தான்' என்று அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பதிவாளரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், கவுத்துட்டார், என்று அவளுக்கு உயிரே போய்விட்டது. எல்லாம் போச்சு. பேரும் போச்சு, மகளும் போச்சு, ஒரு ஃபிரேம் எடுக்கத் தெரியாத மனுஷன் பேச்சை நம்பி!

பதிவாளர் மெதுவாக இழுப்பறையைத் திறந்தார். புத்தகத்தை எடுத்தார். கறுப்பு ஃபிரேமை மூக்கில் சரியாக ஏற்றிக்கொண்டு, எந்த உணர்ச்சியும் இல்லாமல் விதியை வாசித்தார். ஆதரித்தவர் கேட்டால் எடுத்தே ஆக வேண்டும். "அந்த அம்மா ஆதரிச்சிருக்காங்க. என் கைப்பட எழுதியிருக்கேன்," என்று முடித்தார்.

மறுபடி ஓட்டு. "மூடலாம் என்பவர்கள்?" அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே அழுந்த உட்கார்ந்துகொண்டாள். மூக்கு அரித்தது. அரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். துறைத் தலைவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை எழவில்லை. இன்னும் சில கைகளும் எழவில்லை. பதிவாளரின் பேனா குத்திக்கொண்டே வந்து சீக்கிரமே நின்றுவிட்டது.

"தீர்மானம் தோல்வி. மாலைப் பிரிவு தொடரும்," என்றார். "அடுத்தது, வண்டி நிறுத்துமிடக் கூரை."

வெளியே படிக்கட்டில் ஒரே ஆர்ப்பாட்டம். பகல் வகுப்பில் போய் உட்கார்ந்ததால்தான் ஜெயித்தோம் என்றான் லிஃப்ட் மெக்கானிக். அதற்கு முன்னால் நாட்கணக்கில் கத்தியதால்தான் என்றது சங்கம். மனசாட்சி உறுத்தியது என்று துறைத் தலைவர் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். விதியைத்தான் வாசித்தேன் என்றார் பதிவாளர், யாரும் கேட்காமலே. அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். எல்லாமே சரி மாதிரியும் இருந்தது, எதுவும் முழுசாகச் சரியில்லை மாதிரியும் இருந்தது. யார் செய்தது இதை? அவளா, அவர்களா, வாசற்படியில் நின்ற அந்தத் துறைத் தலைவரின் கட்டிப்போன தொண்டையா? இந்த ஜென்மத்தில் தனக்கு இது விளங்கப் போவதில்லை என்று தோன்றியது. ஆனால் சந்தோஷமாக இருந்தது, அழுகை வரும் அளவுக்கு.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மகள் வந்து பக்கத்தில் நின்றாள். உள்ளே நடந்ததெல்லாம் அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"என்கிட்டகூடச் சொல்லாம இருந்துட்டே இல்ல?" என்றாள்.

இருந்துட்டே! அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா நீ கத்திடுவேடி."

"கத்தியிருப்பேன்தான்." மகள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "ஆமா, அன்னைக்கு உனக்கு என்ன சந்தேகம்?" என்று கேட்டாள்.

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் தூக்கினாய் என்று எத்தனை பேர் கேட்டார்கள்! கட்டின புருஷன், வகுப்பில் கூடப் படிக்கிறவன், படிக்கட்டில் நின்ற கூட்டம், எல்லாரும் கேட்டார்கள். என்ன கேட்கத் தூக்கினாய் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பதிவாளர் கேட்கவில்லை. துணைவேந்தர் இரண்டு கூட்டத்திலும் கேட்கவில்லை.

"பெரிசா ஒண்ணும் இல்ல," என்றாள். "இதை மூடறதுக்கு முன்னாடி, அங்க படிக்கிறவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீங்களான்னு கேக்க நினைச்சேன். அவ்வளவுதான்."

மகள் ஒலிபெருக்கியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இன்னைக்காவது கேட்டியா?"

"இல்லடி. ஜெயிச்ச சந்தோஷத்துல மறந்தே போயிட்டேன்."

பஸ் வந்தது. ஏறி, இடம் பிடித்து, அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்துவிட்டு மகள் கேட்டாள்: "எங்க பகல் பிரிவு நாற்காலி இன்னும் காலியாத்தானே இருக்கு?"

"இருக்கு. அதுமேலதான் எல்லாரும் பையை வெக்கிறாங்க."

"அடுத்த கூட்டத்துக்கு நானும் வர்றேன். அதை நான் கேக்குறேன்."

அக்காவுக்கு இது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பொம்மை நாற்காலி என்று சொன்ன பெண் இவள். ஆனால் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வா. ஆனா கையை மட்டும் தூக்கிடாதே."